சரியான எடையில் ஒரு மவுஸ்

எடையளவுத் துறையில் எதையும் லேசாக எடுத்துக்கொள்ளும் வழக்கம் கிடையாது. சோதனைக்குப் போன கடையில் தராசுத் தட்டின்மேல் ஈ ஒன்று உட்கார்ந்திருந்தால், அதை விரட்டிவிட்டு நிறுக்கச் சொல்லும் சாதாரண புத்தி அவர்களுக்கு வராது. ஈயோடு ஒருமுறை, ஈ இல்லாமல் ஒருமுறை நிறுத்துப் பார்த்து, அந்த ஈ கடைக்காரர் பக்கமா வாடிக்கையாளர் பக்கமா என்று விசாரித்த பிறகுதான் அடுத்த கடைக்கு நகர்வார்கள்.

அப்படிப்பட்ட துறையில் சந்தை சந்தையாகப் போய் எடைக்கற்களைச் சோதித்து ஈய முத்திரை வைக்கிற வேலை நம் ஆளுக்கு. ஒல்லி உடம்பு, சன்னக் குரல். நாற்காலியில் உட்கார்ந்தால் நாற்காலிக்கே தெரியாது. அதனால் அலுவலகத்தில் அவனைக் கிராம் என்று கூப்பிட்டார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் பத்திரமாக இருந்தது.

கிராமுக்கு ஒரே ஒரு குறைதான். அவன் மனைவி துறைமுக ஊரில் பல்செட் செய்யும் பட்டறையில் வேலை பார்த்தாள். ரயிலில் ஏறினால் ஓர் இரவும் மறுநாள் மத்தியானம் வரையிலும் ஆகும். கல்யாணம் ஆனதிலிருந்து மாற்றல் கேட்டு மனுப் போட்டுக்கொண்டிருந்தான். ஒவ்வொரு முறையும் ‘தங்கள் மனு எடைபோடப்பட்டு வருகிறது’ என்று பதில் வந்தது. வருஷக்கணக்கில் எடைபோடும் அளவுக்கு அதில் என்ன கனம் இருந்ததோ தெரியவில்லை. அவன் எழுதியது ஒரே பக்கம்தான்.

ஆகவே புருஷனும் பெண்டாட்டியும் குடும்பம் நடத்தியது ஒரு கணினி விளையாட்டுக்குள். சாயங்காலம் வேலை முடிந்ததும் இவன் இங்கே மடிக்கணினியைத் திறப்பான், அவள் அங்கே திறப்பாள். பாழடைந்த கப்பல் பட்டறை ஒன்றில் இருவரும் துப்பாக்கியோடு சந்தித்துக்கொள்வார்கள்.

“இடது பக்கம் பீப்பாய்க்குப் பின்னாடி ஒருத்தன் இருக்கான், பாரு,” என்பாள் அவள்.

“பாத்துட்டேன். கேஸ் சிலிண்டர் வந்துச்சா?”

“வந்துச்சு. முதல்ல அவனைச் சுடு. மாடி வீட்டுக்காரி மறுபடியும் நம்ம கொடியில துணி காயப்போட்டிருக்கா.”

“நீ ஒண்ணும் கேக்கலையா?”

“கேட்டேன். குனி, குனி. குண்டு வருது.”

நேரில் பேசும்போதும் போனில் பேசும்போதும் அவள் அவனை ‘நீங்க’ என்றுதான் சொல்வாள். விளையாட்டுக்குள் சுடும் நேரத்தில் மட்டும் ஒருமை. ‘சுடுங்க’ என்று மரியாதையாகச் சொல்லி முடிப்பதற்குள் ஆள் செத்துப்போகிறான் என்பது அவள் அனுபவம். இப்படிச் சுட்டுச் சுட்டே இருவரும் தேறியிருந்தார்கள். அவள் ஒரு படி மேலே. பல்லைச் செதுக்குகிற கையாயிற்றே.

இந்த நிலைமையில்தான் துறைகளுக்கு இடையிலான விளையாட்டுப் போட்டியில் கணினி விளையாட்டையும் சேர்த்தார்கள். முதல் பரிசு, கேட்ட ஊருக்கு மாற்றல். அறிவிப்புப் பலகையின் முன்னால் கிராம் வெகு நேரம் நின்றான். பின்னால் வந்தவர்கள் பலகையில் ஏதோ பிழை கண்டுபிடித்துவிட்டான் என்று நினைத்தார்கள்.

அன்று மாலை செய்தியைச் சொன்னதும் மனைவி சுடுவதை நிறுத்திவிட்டாள். இருவரும் அநியாயமாகச் செத்தார்கள்.

“நிஜமாவா? கேட்ட ஊருக்கா?”

“அப்படித்தான் போட்டிருக்கு.”

“என்ன விளையாட்டு?”

“நாம விளையாடறதேதான்.”

“ஒரு பெரிய மேஜை பாத்து வச்சிருக்கேன்,” என்றாள். “ரெண்டு லேப்டாப் பக்கத்துல பக்கத்துல வைக்கலாம். வாங்கிடட்டுமா?”

“ஜெயிச்சப்புறம் வாங்கலாமே.”

“நீங்க ஜெயிப்பீங்க. நான் இல்லாம நீங்க சுட்டதை நான் பாத்திருக்கேன். சுமாராச் சுடறீங்க.”

ஒரே ஒரு சிக்கல். மடிக்கணினியைப் போட்டி நடத்துகிறவர்களே தருவார்கள். மவுஸை மட்டும் அந்தந்தத் துறை கொண்டுவர வேண்டும். அதுவும் துறையின் சொத்தாக இருக்க வேண்டும். ஆளின் சொந்த மவுஸ் செல்லாது. கிராம் வீட்டில் வைத்திருந்தது மனைவி தேர்ந்தெடுத்து அனுப்பியது. உள்ளங்கைக்குள் அடங்கும், சட்டைப் பையில் போட்டால் பை தொங்காது.

“அதே மாதிரி ஒண்ணு வாங்கச் சொல்லுங்க,” என்று அவள் பாடம் எடுத்தாள். “லேசா இருக்கணும், அதுதான் முக்கியம். ப்ளூடூத் மட்டும் இருக்கறது வேண்டாம், கை ஒரு பக்கம் போகும், திரையில அம்பு அப்புறமா யோசிச்சுக்கிட்டு வரும். சின்ன ரிசீவர் ஒண்ணு கூட வருமே, லேப்டாப்ல செருகறது, அதுதான் வேணும். பக்கவாட்டுல ரெண்டு பட்டன். உங்க கை சின்னது, பெருசா வாங்கிடாதீங்க. அவ்வளவுதான். கடைக்குப் போனா அஞ்சு நிமிஷ வேலை.”

அஞ்சு நிமிஷ வேலை என்று அவள் சொன்னது வாஸ்தவம். எடையளவுத் துறைக்கு அஞ்சு நிமிஷத்தை அளக்கவே தனிப்பிரிவு இருந்தது என்பதை அவள் யோசிக்கவில்லை.

கிராம் விளையாட்டு அலுவலரிடம் போனான். அவர் இளமையில் பளுதூக்கும் போட்டிகளில் நடுவராக இருந்தவர். எதிரில் யார் எதைத் தூக்கினாலும் கை நேராக நிற்கிறதா என்று பார்க்கும் பழக்கம் இன்னும் போகவில்லை.

“மவுஸா? லேப்டாப்லயே தேய்க்கறதுக்கு ஒரு இடம் இருக்கேப்பா.”

“அதுல குறி பாக்க முடியாது சார். விரலால தேய்ச்சுத் திரும்பறதுக்குள்ள எதிராளி சுட்டுடுவான்.”

“எவ்வளவு எடை தூக்கணும்?”

“தூக்கறதே இல்லை சார். லேசா இருந்தா நல்லது.”

விளையாட்டு அலுவலர் அவனைப் பரிதாபமாகப் பார்த்தார். “லேசா ஒரு பொருளை இந்தத் துறைக்குள்ள வாங்கணும்னா அதுக்குக் கமிட்டி போடணும் தம்பி.”

கமிட்டி இயக்குநரின் அறையில் கூடியது. நடுமேஜையில் கண்ணாடிக் கூண்டுக்குள் துறையின் பித்தளை எடைக்கல் வீற்றிருந்தது. இயக்குநர் எப்போது பேசினாலும் அதைப் பார்த்துத்தான் பேசுவார். எதிரில் உட்கார்ந்திருக்கும் மனிதர்களைவிட அது நம்பகமானது என்பது அவர் எண்ணம். அவருக்கு இரு பக்கமும் துணை இயக்குநர்கள் மூவர். ஒருவர் எடைக்கு, ஒருவர் நீளத்துக்கு, ஒருவர் கொள்ளளவுக்கு. மூவரும் ஒருவரோடொருவர் பேசிக்கொள்வதில்லை. பேசிக்கொள்ள அவர்களுக்குப் பொதுவான அலகு எதுவும் இல்லை.

“நம்ம துறை இதுவரைக்கும் எந்தப் பந்தயத்துலயும் ஜெயிச்சதில்லை,” என்று இயக்குநர் எடைக்கல்லிடம் தொடங்கினார். “காரணம் என்ன? நம்ம நேர்மை. போன தடவை ஓட்டப்பந்தயத்துல நம்ம ஆள் ஓடறதுக்கு முன்னாடி தூரத்தை அளந்து பாத்தான். அவன் அளந்து முடிக்கறதுக்குள்ள மத்தவங்க ஓடி முடிச்சுட்டாங்க. தோத்தோம். ஆனா தூரம் ஒரு சாண் குறையுதுன்னு கண்டுபிடிச்சது யாரு? நாம. இந்தத் தடவையும் அதே உயரத்துலதான் நிக்கணும்.”

எல்லோரும் கை தட்டினார்கள். கிராமும் தட்டினான். அவன் தட்டியது யார் காதிலும் விழவில்லை.

கடையிலிருந்து அவன் சொன்ன மாதிரியே ஒரு மவுஸ் தருவிக்கப்பட்டது. கறுப்பாக, குட்டியாக, மேஜைமேல் உட்கார்ந்து நால்வரையும் பார்த்துக்கொண்டிருந்தது. கொள்ளளவுத் துணை இயக்குநர் முதலில் கையில் எடுத்தார்.

“இது எவ்வளவு கொள்ளும்?”

“ஒண்ணும் கொள்ளாது சார்,” என்றான் கிராம். “இது மவுஸ்.”

“ஒண்ணும் கொள்ளாதுன்னா அதையும் அளந்துதானேப்பா சொல்லணும். நீயா எப்படிச் சொல்றே?”

கண்ணாடிக் குடுவை வந்தது. அதில் கழுத்துவரை தண்ணீர். மவுஸின் இடுப்பில் நூலைக் கட்டி, குழந்தையைக் குளிப்பாட்டும் பக்குவத்தோடு மெல்ல உள்ளே இறக்கினார்கள். தண்ணீர் உயர்ந்தது. மவுஸ் இரண்டு குமிழி விட்டது. அதன் வயிற்றில் எரிந்துகொண்டிருந்த சின்ன விளக்கு ஒருமுறை சிமிட்டி அணைந்தது.

“அறுபது மில்லி,” என்று கொள்ளளவுத் துணை இயக்குநர் திருப்தியோடு அறிவித்தார். “பாத்தியா, ஒண்ணுமில்லைன்னு சொன்னியே.”

செத்த மவுஸுக்குப் பதிலாக அதே ஜாதியில் இன்னொன்று வாங்கினார்கள். ஆனால் சட்டப்படி அது வேறு மவுஸ். அதையும் அளக்க வேண்டியிருந்தது. மூன்றாவதையும் குடுவைக்கு எடுத்துக்கொண்டு போனபோது கிராம் குறுக்கே போய் நின்றான். அவன் ஜென்மத்தில் மேலதிகாரிக்குக் குறுக்கே நின்றது அதுதான் முதல் தடவை.

“சார், மூணும் கடைக்கு ஒரே பெட்டியில வந்தது சார். கூடப் பிறந்ததுங்க. அதுங்களோட அளவையே இதுக்கும் எடுத்துக்கலாமே சார்.”

மூத்த இரண்டின் அளவே இளையதற்கும் பொருந்தும் என்று நீண்ட யோசனைக்குப் பிறகு ஒப்புக்கொண்டார்கள். மூன்றாவது மவுஸ் உயிரோடு நீளப் பிரிவுக்குப் போனது.

நீளத் துணை இயக்குநர் மௌனி. எதைப் பார்த்தாலும் இரண்டு விரலை விரித்து அதன் அகலத்தை மனதுக்குள் எடுத்துக்கொள்வார். அவர் மவுஸை மடிக்கணினியில் இணைத்து, கையை இப்படி அசைத்தார். அம்பு திரையின் அந்தக் கோடிக்குப் பாய்ந்தது. அவர் முகம் கறுத்தது. அளவுகோலை எடுத்து மறுபடியும் அசைத்தார். பிறகு மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

“நான் கையை நகத்தினது ஒரு சென்டிமீட்டர். அங்க அது போனது பத்து சென்டிமீட்டர். இது எந்த ஊர் நியாயம்?”

“அது அப்படித்தான் சார் இருக்கும். வேகமாத் திரும்பணும்ல.”

“துணிக்கடையில ஒரு மீட்டர் அளந்து பத்து மீட்டர்னு சொன்னா என்ன பண்ணுவோம்?”

“முத்திரையைப் பிடுங்குவோம் சார்.”

“இதை விட்டுடலாமா?”

கிராம் தானே எத்தனையோ துணிக்கடைகளில் இதே கேள்வியைக் கேட்டிருக்கிறான். அன்றைக்கே மவுஸின் வேகம் திருத்தப்பட்டது. கை ஒரு சென்டிமீட்டர் போனால் அம்பும் ஒரு சென்டிமீட்டர்தான் போகும். கொசுறு கிடையாது.

கடைசியாக எடைத் துணை இயக்குநர். இவர்தான் மூவரிலும் இளகிய மனசுக்காரர். மவுஸைத் தராசில் வைத்தார். ஐம்பத்தொன்பது கிராம்.

“அய்யய்யோ,” என்றார். “ஐம்பத்தொன்பதுக்கு எடைக்கல்லே இல்லையேப்பா. ஐம்பது இருக்கு, நூறு இருக்கு. நடுவுல தொங்கிக்கிட்டு நிக்கிற பொருளை எப்படி நம்பறது?”

“சார், லேசா இருக்கறதுதான் அதோட குணமே.”

“குணம் வேற, எடை வேற. இப்ப என்ன பண்ணலாம், ஒன்பது கிராமைச் சீவிடலாமா, இல்ல நூறாக்கிடலாமா?”

சீவுவது எடைக் குறைப்பு. சட்டப்படி குற்றம். ஆகவே வயிற்றைத் திறந்து சின்னச் சின்ன ஈயக் குண்டுகளைப் பசை போட்டு ஒட்டினார்கள். நிறுத்தார்கள். குண்டு ஒன்று கூடுதலாக விழுந்து நூற்று மூன்றாகிவிட்டது. அந்த மூன்றை எடுக்கலாமே என்றால், அதுவும் எடைக் குறைப்பு. மேலே போவது ஒன்றே வழி. இருநூறுக்குக் குறிவைத்தார்கள், இருநூற்று நான்கில் நின்றது. இப்படியே ஏறி ஏறி, உள்ளே இடம் தீர்ந்து, முதுகில் ஒட்டகத் திமில் மாதிரி ஈயம் எழும்பி, கடைசியில் அரைக் கிலோவில் முள் அசையாமல் நின்றது. எடைத் துணை இயக்குநர் கண் கலங்கினார்.

“சுத்தமான அரைக் கிலோ. இந்த மாதிரி ஒரு மவுஸ் உலகத்துலயே இருக்காது.”

அது உண்மைதான். அதன்மேல் முத்திரை வைக்கிற வேலை கிராமுடையது. கண்ணை மூடிக்கொண்டு வைத்தான்.

அன்று மாலை கப்பல் பட்டறையில் அவன் யாரையும் சுடாமல் ஒரு மூலையில் நின்றான். மனைவி இரண்டு பேருக்கும் சேர்த்துச் சுட்டாள்.

“என்ன ஆச்சு? மவுஸ் வாங்கியாச்சா?”

“வாங்கியாச்சு.”

“நான் சொன்ன மாதிரியா?”

“ஆரம்பத்துல அப்படித்தான் இருந்துச்சு.”

நடந்ததைச் சொன்னான். குளிப்பாட்டியதைக் கேட்டு அவள் வயிறு வலிக்கச் சிரித்தாள். ஒட்டகத் திமிலுக்கு வந்தபோது சிரிப்பு நின்றுவிட்டது.

“மேஜையை வாங்கிட்டேங்க,” என்றாள் மெதுவாக. “நேத்துதான் கொண்டுவந்து போட்டாங்க. அதை ரெண்டா வெட்டவா சொல்றீங்க?”

அவன் பட்டறைச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

“அரைக் கிலோவோ அரை மூட்டையோ, தள்ளிப் பழகுங்க. எதையாவது தள்ளுங்க. எனக்கு இந்தப் பக்கத்துலேர்ந்து பேசிப் பேசித் தொண்டை கட்டிப்போச்சு.”

கிராம் தள்ளிப் பழகினான். காலையில் இஸ்திரிப் பெட்டியை மேஜையில் இப்படியும் அப்படியும் இழுத்தான். துறையும் சும்மா இருக்கவில்லை. கை போகும் தூரமும் அம்பு போகும் தூரமும் ஒன்றாகிவிட்டதால், விளையாட்டில் ஒருமுறை பின்னால் திரும்பிப் பார்ப்பதற்கே மேஜை போதவில்லை என்பது ஒத்திகையில் தெரிந்தது. வேகத்தைக் கூட்டலாமா என்று கேட்டதற்கு நீளத் துணை இயக்குநர், “மேஜையைக் கூட்டு,” என்றார். கூட்டம் நடக்கும் ஹாலிலிருந்து ஆறு மேஜைகளைக் கொண்டுவந்து வரிசையாகப் போட்டு ஒட்டினார்கள்.

போட்டி நாளன்று விளையாட்டரங்கத்தில் மற்ற துறை ஆட்கள் மவுஸைச் சட்டைப் பையிலிருந்து எடுத்தார்கள். எடையளவுத் துறையின் மவுஸ் வெல்வெட் துணி போட்ட பெட்டியில், இருவர் பிடிக்க, துணை இயக்குநர்கள் மூவரும் பின்தொடர ஊர்வலமாக வந்தது. பின்னால் மேஜைகள் வந்தன. யாரோ கல்யாண வீட்டுச் சாமான் வழி தவறி வந்துவிட்டது என்று நினைத்து வாசலைக் காட்டினார்கள்.

முதல் ஆட்டத்தில் கிராமுக்கு எதிரில் தீயணைப்புத் துறையிலிருந்து ஒரு பெண். வாயில் மிட்டாய் ஒன்றை அதக்கிக்கொண்டு, இரண்டு விரலால் மவுஸைத் தொட்டபடி உட்கார்ந்திருந்தாள். இவனைப் பார்த்து, “அண்ணே, அது என்னண்ணே, ஆமையா?” என்று அக்கறையாகக் கேட்டாள்.

மணி அடித்தது. எதிரி வலது பக்கம் இருப்பது தெரிந்து கிராம் திரும்ப ஆரம்பித்தான். இரண்டு கையாலும் மவுஸைத் தள்ளிக்கொண்டு முதல் மேஜையைக் கடந்தான். இரண்டாவது மேஜையைக் கடந்தான். மூன்றாவது மேஜையில் திரை அவன் கண்ணுக்குத் தெரியவில்லை. விளையாட்டு அலுவலர் திரைக்குப் பக்கத்தில் நின்று கத்திச் சொல்ல வேண்டியதாயிற்று.

“இன்னும் கொஞ்சம் போ கிராம். சுவர்தான் தெரியுது. கையை நேரா வை, முட்டியை மடக்காதே. இப்ப ஒரு கதவு வருது. ஆங், ஆள் தெரியுது.”

“சுடட்டுமா சார்?”

“வேண்டாம்ப்பா. அந்தப் பொண்ணு எப்பவோ சுட்டுடுச்சு.”

கிராம் ஐந்தாவது மேஜையருகில் மவுஸின்மேல் தலையைச் சாய்த்துக்கொண்டு நின்றான். கழுத்தில் வேர்வை வழிந்தது. அவன் கண்ணுக்கு முன்னால் இன்னொரு மேஜை நின்றது. கடல் காற்று வருகிற வீட்டில், ஒரு பக்கம் காலியாக. அவன் வாழ்க்கையில் இவ்வளவு கனமாக எதையும் உணர்ந்ததில்லை.

அப்போதுதான் இயக்குநர் எழுந்தார்.

இயக்குநர் தோல்வியைக் கண்டு துவள்கிறவர் அல்ல. அதை அடையாளம் கண்டுகொள்வதே அவருக்கு வழக்கம் இல்லை. ஒலிபெருக்கியை வாங்கிக்கொண்டார்.

“இங்க என்ன நடந்துச்சுன்னு எல்லாரும் பாத்தீங்க. நம்ம மவுஸ் ஒரு சென்டிமீட்டர் போச்சு, ஒரு சென்டிமீட்டர் காட்டுச்சு. அந்தப் பக்கம் இருக்கிற மவுஸ் ஒரு சென்டிமீட்டர் போச்சு, எவ்வளவு காட்டுச்சு? அதுக்கு முத்திரை இருக்கா? தூரத்தைக் காட்டற எந்தக் கருவியையும் முத்திரை இல்லாம உபயோகிக்கக் கூடாதுன்னு சட்டம் இருக்கு. அந்தச் சட்டத்தை வச்சிருக்கிறது நாங்க.”

தலைமை நடுவர் ஓடி வந்தார். “சார், இது விளையாட்டு சார். இங்க வந்து சட்டம் பேசினா எப்படி?”

இயக்குநர் அவர் கழுத்தில் தொங்கிய நிறுத்தற்கடிகாரத்தைக் கையில் எடுத்து, திருப்பித் திருப்பிப் பார்த்தார். “இதுக்கு முத்திரை எங்க?” என்று அன்பாகக் கேட்டார்.

தலைமை நடுவர் கடிகாரத்தைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டு, சட்டம் என்றால் சட்டம்தான் என்று சொல்லிவிட்டார்.

அரங்கத்தில் இருந்த அத்தனை மவுஸ்களும் கைப்பற்றப்பட்டன. தீயணைப்புத் துறைப் பெண் தன் மவுஸைக் கொடுக்கும்போது மிட்டாயை விழுங்கிவிட்டாள். கருவூலத் துறை ஆள் ரசீது கேட்டான். அஞ்சல் துறை ஆள் தன்னுடையதை உறையில் போட்டு ஒட்டிக் கொடுத்தான். இதெல்லாம் முடிந்த பிறகு மைதானத்தில் மிச்சமிருந்தது ஒரே ஒரு சட்டபூர்வமான மவுஸ். அதை வைத்திருந்த கிராம், போட்டியில் ஒரு குண்டும் சுடாமல் கோப்பை வாங்கிய முதல் வீரன் ஆனான்.

மறுநாள் இயக்குநரின் அறையில் நின்றான். கோப்பை எடைக்கல்லுக்குப் பக்கத்தில் இருந்தது. அதை எடைபோட்டு முத்திரையும் வைத்திருந்தார்கள்.

“எந்த ஊர் வேணும்?”

“துறைமுக ஊர் ஐயா.”

இயக்குநர் எடைக்கல்லைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். “அங்க பணியிடம் காலி இல்லையேப்பா. கேட்ட ஊர் கொடுக்கலாம், அதுக்குத் தடையில்லை. ஆனா ஊர் மட்டும்தான் கொடுக்க முடியும், வேலை கொடுக்க முடியாது. மனு ஒண்ணு போட்டுட்டுப் போ. எடைபோட்டுச் சொல்றேன்.”

கிராம் திரும்பி வாசல்வரை போனான். கதவின் பிடியில் கை வைத்தான். வெளியே கூடத்தில் கைப்பற்றிய மவுஸ்கள் சாக்கு மூட்டையில் கிடந்தன. அவற்றைப் பார்த்தபடி நின்றான். பிறகு, தன் குரல்தானா என்று தனக்கே சந்தேகம் வரும்படி ஒரு குரலில் பேசினான்.

“ஐயா, இந்த மவுஸ் எல்லாம் கப்பல்லதான் வருது.”

“எது?”

“நாட்டுல இருக்கிற அத்தனை மவுஸும். பெட்டி பெட்டியா துறைமுகத்துலதான் இறங்குது. ஒண்ணுல கூட முத்திரை இல்லை. எல்லாமே லேசு. எல்லாமே ஒண்ணுக்குப் பத்துக் காட்டறது. இறங்கற இடத்துலயே நிறுத்தி, ஈயம் வச்சு, அரைக் கிலோ ஆக்கி அனுப்பறதுக்கு அங்க நம்ம துறைக்கு ஒரு ஆள் இல்லை.”

இயக்குநர் எடைக்கல்லிடமிருந்து கண்ணை எடுத்து, முதல்முறையாக ஒரு மனிதனை நேராகப் பார்த்தார். நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார்.

“கிராம்,” என்றார் தழுதழுத்து, “உனக்குள்ள இவ்வளவு கனம் இருக்கும்னு எனக்குத் தெரியாதுப்பா.”

அந்த வாரமே மவுஸ் பிரிவு பிறந்தது. அதற்கு அலுவலர் கிராம். இடம், துறைமுக ஊர். பிரிவின் சின்னமாகப் பித்தளையில் செய்த முத்திரை இடுக்கி ஒன்றைத் தந்தார்கள். அது எங்கும் தவறிவிடக் கூடாது என்று ஒரு சங்கிலியால் அவன் பெல்ட்டோடு பிணைத்து, பிணைத்த இடத்தில் ஈய முத்திரையும் வைத்தார்கள். ‘விழித்திருக்கும்போதும் உறங்கும்போதும் அலுவலர் இதை உடலை விட்டு அகற்றலாகாது’ என்று இயக்குநர் வாசித்தார். துணை இயக்குநர்கள் மூவரும் ரயில் நிலையத்துக்கு வந்து, மூன்று வெவ்வேறு பெட்டிகளுக்கு முன்னால் நின்று கையசைத்தார்கள்.

மறுநாள் மத்தியானம் கிராம் பையோடு வீட்டு வாசலில் நின்றான். கதவைத் திறந்த மனைவியின் கையில் வெள்ளைப் பொடி ஒட்டியிருந்தது. பட்டறை வேலையை வீட்டுக்குக் கொண்டுவந்து பல் அச்சு வார்த்துக்கொண்டிருந்தவள் பாதியில் வந்திருக்கிறாள். அவளுக்குப் பின்னால் அந்தப் பெரிய மேஜை தெரிந்தது. ஒரு பக்கத்தில் அவள் மடிக்கணினி, அதனருகில் குட்டியாக, கறுப்பாக, அவள் மவுஸ்.

அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். சிரித்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டதில் கன்னமெல்லாம் வெள்ளை. பிறகு பார்வை கீழே இறங்கிற்று.

“அது என்ன, இடுப்புல?”

“துறையில குடுத்தது. மவுஸுக்கு முத்திரை வைக்கிறதுக்கு.”

“மாற்றல் வந்துடுச்சுன்னு மட்டும்தானே சொன்னீங்க. காலையில பேப்பர்ல படிச்சேன். அந்த மவுஸுக்கெல்லாம் ஈயம் வைக்கிற மகாராசன் நீங்கதானா?”

“மாற்றல் வேணும்ல.”

“சரி. மாற்றல் வந்துடுச்சு. அதை வெளியில வச்சுட்டு உள்ள வாங்க.”

“வெளியில வைக்கக் கூடாதுன்னு உத்தரவு. பெல்ட்டோட சேத்து முத்திரை வச்சிருக்காங்க.”

அவள் உள்ளே திரும்பி மேஜையைப் பார்த்தாள், மவுஸைப் பார்த்தாள், மறுபடியும் இவனைப் பார்த்தாள். “முத்திரை இடுக்கியோட ஒரு ஆள் என் மவுஸ் இருக்கிற வீட்டுக்குள்ள வரக் கூடாது. அது என் உத்தரவு. யோசிச்சு வாங்க. எனக்கு அச்சு காயுது.”

கதவு சாத்தப்படவில்லை. ஒரு கை அகலத்துக்குத் திறந்தே இருந்தது.

மாடி வீட்டுக்காரி கைப்பிடிச் சுவரில் ஈரத் துணியைப் பிழிந்தபடி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். கிராம் அவளுக்கு ஒரு வணக்கம் வைத்தான். செருப்பைக் கழற்றினான். அப்புறம் பெல்ட்டைக் கழற்றி, இடுக்கியும் சங்கிலியும் முத்திரையுமாகக் கதவின் வெளிப்பிடியில் மாட்டினான். ஒல்லி இடுப்பு, ஆதாரம் போனதும் கால்சட்டை சரிய ஆரம்பித்தது. ஒரு கையால் அதைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனான்.

மவுஸைப் பிடிக்க இன்னொரு கை இருந்தது.